பத்துக்குப் பத்தில் நாலு அறை

ஒரு வீடு. அதில் ஒரே ஓர் அறை. நீளம் 10 அடி. அகலம் 10 அடி. அங்கே ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். சமைப்பதும் அங்கேதான். குளிப்பதும் அங்கேதான். பிள்ளைகள் படிப்பதும், எல்லாரும் படுப்பதும் அங்கேதான்.

இந்த வீடு மும்பையில், தாராவியில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் வீடு இது. அக்கா முறுக்கு சுற்றி விற்பவர்.

"இத்தனை சின்ன வீட்டுக்கு அழகு எதற்கு? ஒழுங்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

சின்ன வீட்டுக்குத்தான் ஒழுங்கு அதிகம் வேண்டும். பெரிய வீட்டில் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தால் தேட வேண்டியிருக்கும். அவ்வளவுதான். சின்ன வீட்டில் இடம் மாற்றி வைத்தால் ஆபத்தே வரலாம். அக்காவுக்கு அப்படித்தான் வந்தது.

தண்ணீர் வந்த நாள்

2005 ஜூலை 26. மும்பை சாந்தாக்ரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 944 மில்லிமீட்டர் என்றால் மூன்று அடிக்கும் மேல். மித்தி ஆறு பொங்கியது. தாழ்வான இடங்களில் எல்லாம் தண்ணீர் புகுந்தது. அக்கா வீட்டிலும் புகுந்தது.

வீட்டுக் காகிதங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டி கட்டிலுக்கு அடியில், தரையில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் ஊறிப் போயிருந்தன.

அக்கா சொன்னார்:

"சிலதைக் காய வைக்கலாம்னு பார்த்தேன் தங்கச்சி. எது எந்தக் காகிதம்னு எனக்குத் தெரியல. அப்போ எனக்குப் படிக்கத் தெரியாதே! அம்மன் படம் போட்ட காலண்டரைப் பத்திரமா எடுத்து வச்சேன். பழைய கரண்டு பில்லைக் குப்பையில போட்டுட்டேன்."

அந்தக் கரண்டு பில் சாதாரணக் காகிதம் இல்லை. மும்பையில் குடிசைப் பகுதியில் மாற்று வீடு தரும்போது, "நீங்கள் எந்த வருடம் முதல் இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இலவச வீடு வேண்டும் என்றால், 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய கரண்டு பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அதற்கு உதவும்.

நகல் வாங்க அக்கா ஒரு வருடம் அலைந்தார். சில காகிதம் கிடைத்தது. சிலது கிடைக்கவே இல்லை.

வகுப்புக்கு வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், அக்கா முதலில் செய்த வேலை வீட்டை ஒழுங்கு செய்ததுதான்.

முதல் வேலை: மூன்று குவியல்

வீட்டுச் சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

1. தினமும் வேண்டியவை.
2. எப்போதாவது வேண்டியவை.
3. வேண்டாதவை.

மூன்றாவது குவியலைப் பழைய சாமான் கடையில் போடுங்கள். அக்கா வீட்டில் ஓட்டை வாளி இரண்டு இருந்தன. ஓடாத ஃபேன் ஒன்று இருந்தது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அவை ஓர் ஆள் படுக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

தினமும் வேண்டியதைக் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். எப்போதாவது வேண்டியதை மேலே வையுங்கள். தரையில் இடம் குறைவு. சுவரில் இடம் நிறைய உண்டு. கொக்கி, பலகை, கயிறு, இந்த மூன்றும் சுவரை அலமாரி ஆக்கிவிடும்.

பிறகு நாலு மூலைகளையும் நாலு அறையாக எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் மூலை: சமையல்

அடுப்பை மேடை மேல் வையுங்கள். சிலிண்டரைக் கீழே, நிமிர்த்தி வையுங்கள். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுப்புக்கு நேர் மேலே பலகை அடிக்காதீர்கள். டப்பாவை எடுக்கக் கை நீட்டும்போது சேலை முந்தானை தீயில் படும். பலகையைப் பக்கத்துச் சுவரில் அடியுங்கள். கரண்டிகளைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் துணித் திரை வேண்டாம்.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள்.

கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். நாம் படுப்பதும் தரையில்தான். கேஸ் நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம். அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சி கிழிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வாருங்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இரண்டாவது மூலை: தண்ணீர்

மோரிதான் குளிக்கும் இடம். அதுதான் பாத்திரம் கழுவும் இடமும். ஒரு கயிறு கட்டி, பழைய சேலையைத் திரையாகப் போடுங்கள். குளிக்கும் பெண்களுக்கு மறைவு கிடைக்கும்.

குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அதனால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். டிரம்முக்கு மூடி வேண்டும். மூடி இல்லை என்றால் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை டிரம்மின் உள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பினாயிலைக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிடும். பினாயில், எலி மருந்து, மாத்திரை, எல்லாம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மாத்திரையைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது மூலை: படுக்கை

கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் வையுங்கள். கட்டில் அரை அடி உயரும். அடியில் அரிசி டிரம்மும் துணிப் பெட்டியும் நுழையும். பெட்டிக்கு அடியிலும் செங்கல் வையுங்கள். தரையில் ஈரம் வந்தாலும் பெட்டி நனையாது.

காலையில் போர்வைகளைச் சுருட்டி, நீளமான துணி உறையில் நுழையுங்கள். வாயைக் கட்டுங்கள். பகலில் அது சாய்ந்து உட்காரும் திண்டு. இரவில் அதுவே படுக்கை. உறையைப் பழைய சேலையில் தைக்கலாம். சரிகைக் கரையை வெளியே தெரியும்படி வைத்துத் தைத்தால் அழகாக இருக்கும்.

நான்காவது மூலை: படிப்பு

அக்காவின் மகளுக்குப் படிக்க இடம் இல்லை. கட்டில் மேல் குனிந்து எழுதுவாள். கழுத்து வலிக்கும். அக்கா ஒரு பலகையைக் கீல் போட்டுச் சுவரில் மாட்டினார். இரண்டு பக்கமும் சங்கிலி. இறக்கினால் மேசை. தூக்கி மாட்டினால் சுவரோடு சுவர்.

சுவருக்கு வெளிர் நிறம் அடித்தார். இருண்ட நிறம் வெளிச்சத்தை விழுங்கும். வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். வாசலுக்கு எதிரே கண்ணாடியை மாட்டினார். வாசல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு உள்ளே பரவியது. இப்போது பகலில் லைட் போடாமலே எழுதலாம்.

மேலே பரண்: காகிதங்கள்

வீட்டில் மிக உயரமான இடம் பரண். மும்பைக்காரர்கள் மாலா என்பார்கள். அதுவே காகிதங்களின் இடம். ஒவ்வொரு காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். எல்லா உறைகளையும் மூடி உள்ள ஒரு பெட்டியில் வையுங்கள். பெட்டியின் மேல் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காகிதத்தையும் செல்போனில் படம் எடுங்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வேறு இடத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பெட்டியில் என்ன என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மழை வந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பெட்டி என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

அக்காவின் செலவுக் கணக்கு

கொக்கி 20 – 60 ரூபாய்
நைலான் கயிறு – 50 ரூபாய்
பழைய பலகை 3 – 450 ரூபாய்
இரும்புத் தாங்கி 4 – 160 ரூபாய்
கீல், சங்கிலி – 130 ரூபாய்
டிஸ்டெம்பர் 5 கிலோ – 450 ரூபாய்
மூடி உள்ள பெட்டி – 150 ரூபாய்
பிளாஸ்டிக் உறை 10 – 100 ரூபாய்
மொத்தம் – 1,550 ரூபாய்

செங்கலைக் கட்டட வேலை நடந்த இடத்தில் கேட்டு வாங்கினார். சேலை வீட்டில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கவில்லை. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். முதலில் வாங்கியது பிளாஸ்டிக் உறைகள். கடைசியில் வாங்கியது டிஸ்டெம்பர்.

போன வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம் இருந்தது. சுவரில் மகள் வரைந்த மயில் இருந்தது. பரணுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்து. சில எழுத்து கோணல்.

"ரேஷன் கார்டு. கரண்டு பில். வாக்காளர் அட்டை. மகள் பிறந்த சான்று."

"யார் எழுதியது அக்கா?" என்று கேட்டேன்.

"நான்தான் தங்கச்சி. வீட்டுக்கு வர்ற எல்லாரும் முதல்ல இதைத்தான் பார்க்காங்க. மயிலை அப்புறந்தான் பார்க்காங்க" என்றார் அக்கா.

பேசுவோம்

1. அக்கா கரண்டு பில்லை ஏன் குப்பையில் போட்டார்?
2. அடுப்புக்கு நேர் மேலே பலகை அடித்தால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டில் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? தண்ணீர் வந்தால் நனையுமா?

கணக்குப் போடுவோம்

ஒரு நாளைக்கு 25 ரூபாய் சேர்த்தால், 1,550 ரூபாய் சேர எத்தனை நாள் ஆகும்?

செய்வோம்

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் காகிதங்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் நீங்களே படியுங்கள். அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நாளை அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.