தெருநாய்த் தொல்லையும் ஊராட்சியின் கடமையும்



மாலையில் எண்ணி அடைத்த ஆடுகள் காலையில் பட்டிக்குள் கழுத்துக் கடிபட்டும் குடல் சரிந்தும் கிடப்பதைக் கண்டவர்களுக்கே அந்தத் துயரம் தெரியும். நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்தால் ஒன்றைக் கொன்று தின்றுவிட்டுப் போவதில்லை. மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் கடித்துக் குதறிவிட்டுப் போகிறது. அண்மை ஆண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில், சென்னிமலை வட்டாரங்களில் இத்தகைய இழப்புகள் தொடர்ந்து ஏற்பட்டுள்ளன. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் போராடியதும் உண்டு. கொறங்காட்டை நம்பி இருபது, முப்பது ஆடுகள் வளர்க்கும் குடும்பத்துக்கு ஓர் இரவில் பத்து ஆடுகள் போனால், அந்த ஆண்டு வருமானமே போய்விடுகிறது.

இத்தொல்லையைத் தீர்க்க வழி உண்டு. ஆனால் அது தனி ஒருவரால் ஆகக்கூடியது அன்று. ஊராட்சி திட்டமிட்டுச் செய்ய வேண்டிய பணி அது. அப்பணி எவ்வாறு நடைபெற வேண்டும், அதில் உழவர் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

யாருடைய பொறுப்பு?

தெருநாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாகும். நகரில் மாநகராட்சி அல்லது நகராட்சியும், சிற்றூரில் ஊராட்சியும் இதைச் செய்ய வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி நாய்களைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட நாயைத் திரும்ப விடக் கூடாது. வெறிநோய் இருக்கலாம் என ஐயம் ஏற்பட்டால் அந்த நாயைத் தனியே அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும்.

அறுவை செய்வது கால்நடை மருத்துவரின் வேலை. நாயைப் பிடிப்பது, கொண்டு செல்வது, கூண்டு, தீனி, பதிவேடு, பணம் ஆகிய யாவும் உள்ளாட்சியின் நிர்வாக வேலை. பல இடங்களில் திட்டம் தோற்பது மருத்துவத்தால் அன்று. இந்த நிர்வாக வேலை ஒழுங்காக நடைபெறாமையால்தான்.

கொன்றுவிட்டால் தீராதா?

நஞ்சு வைத்துக் கொன்றுவிடலாம் என்று சிலர் கூறுவர். இது சட்டப்படி குற்றம். நஞ்சு கலந்த இறைச்சியைப் பட்டிக்காவல் நாயும் தின்னும். செத்த நாயைத் தின்னும் காக்கையும் கழுகும் சாகும். இவை ஒருபுறமிருக்க, கொல்வதால் பயனும் இல்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஊரில் 40 நாய்கள் உள்ளன என்றும், அவற்றில் 20 பெட்டைகள் என்றும் கொள்வோம். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை ஈனக்கூடும். ஈற்றுக்கு ஐந்து குட்டிகள் என வைத்தால் ஆண்டுக்கு 200 குட்டிகள். ஐந்தில் நான்கு செத்தாலும் 40 தங்கும். அதாவது, ஊரில் உள்ள நாய்களில் பாதியைக் கொன்றாலும் ஓராண்டுக்குள் இடம் நிரம்பிவிடும். குப்பைமேடும் கோழிக்கடைக் கழிவும் இருக்கும்வரை பக்கத்து ஊர் நாய்களும் வந்து சேரும்.

இப்போது 20 பெட்டைகளில் 14க்குக் கருத்தடை செய்ததாகக் கொள்வோம். மீதி 6 பெட்டைகள் 60 குட்டிகள் போடும், தங்குபவை 12. தெருநாய்களில் பல மூன்று, நான்கு ஆண்டுகளுக்குமேல் வாழ்வதில்லை. ஆகவே 40 நாய்களில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தாமே இறந்துவிடும். வரவும் செலவும் சரியாகிவிடுவதால் பெருக்கம் நின்றுவிடுகிறது. நூற்றுக்கு 70 என்ற அளவை அடைய வேண்டும் என்று வல்லுநர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

ஆண்டுக்கு நான்கு பெட்டைகளுக்கு மட்டும் அறுவை செய்தால் என்ன ஆகும்? மீதி 16 பெட்டைகள் போடும் குட்டிகளில் 32 தங்கும். அவற்றில் பாதி பெட்டைகள். நான்கு குறைந்த இடத்தில் பதினாறு வந்து சேரும். அரைகுறையாகச் செய்வது, கிணற்றில் ஊற்று வரும் வேகத்துக்குக் குறைவாக நீர் இறைப்பது போன்றதே. எவ்வளவு இறைத்தாலும் கிணறு வற்றாது.

சென்னை தரும் பாடம்

சென்னை மாநகராட்சி நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. ஆயினும் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. கருத்தடையே வழி என்று புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் கூறிவந்தது. 1996இல் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைத் திட்டத்தை மேற்கொண்டது. அதன் பிறகு வெறிநோய்ச் சாவுகள் பெரிதும் குறைந்தன.

ஆனால் பணியின் வேகம் நகரின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. 2018இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 57 ஆயிரமாக இருந்த நாய்கள் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 1 இலட்சத்து 80 ஆயிரம் அளவுக்கு உயர்ந்திருந்தன. அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்கு அளவே. வழி சரியாக இருந்தாலும், தேவையான அளவை விரைவாக எட்டாவிட்டால் பயன் முழுமையாகக் கிட்டாது என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

கோவா மாநிலம் மற்றொரு எடுத்துக்காட்டு. அங்கு ஊர் ஊராகச் சென்று ஆண்டுதோறும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டனர். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நோயைப் பற்றிக் கற்பித்தனர். நாய்க்கடிச் செய்திகளை உடனுக்குடன் விசாரித்தனர். இதன் பயனாக 2021இல் அம்மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என அறிவிக்கப்பட்டது.

பணியை எவ்வாறு நடத்த வேண்டும்?

1. கணக்கெடுப்பு: முதலில் நாய்களை எண்ண வேண்டும். விடியற்காலை நாய்கள் தெருவில் நடமாடும் நேரம் இதற்கு ஏற்றது. தெருவாரியாக ஆண், பெட்டை, குட்டி என மூன்று பத்திகளில் குறித்துக்கொள்ளலாம். ஊர் இளைஞர்கள் நால்வர் இருந்தால் இரண்டு காலைப்பொழுதுகளில் முடித்துவிடலாம்.

2. ஊர்கள் சேர்தல்: ஒரு சிற்றூராட்சி தனியே அறுவை மையம் நடத்த இயலாது. பத்து ஊராட்சிகள் ஒன்றியத்தின் மூலம் சேர்ந்தோ, அருகிலுள்ள நகராட்சி மையத்துடன் இணைந்தோ செய்யலாம். பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் அது இந்திய விலங்கு நல வாரியத்தின் ஏற்புச் சான்று பெற்றதா என்று பார்க்க வேண்டும்.

3. கூண்டுக் கணக்கு: எத்தனை நாய்களைப் பிடிக்கலாம் என்பதைக் கூண்டுகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. அறுவைக்குமுன் ஒரு நாள், பின் குறைந்தது நான்கு நாள்கள் என ஒரு நாய்க்கு ஐந்து நாள்கள் கூண்டு தேவை. 20 கூண்டுகள் இருந்தால் நாளொன்றுக்கு 4 நாய்கள். மாதம் 25 வேலை நாள்களில் 100 நாய்கள். பத்து ஊர்களில் 400 நாய்கள் இருந்தால் 280க்கு அறுவை செய்ய மூன்று மாதங்கள் போதும். இக்கணக்கைப் பாராமல் ஒரே நாளில் ஐம்பது நாய்களைப் பிடித்தால், புண் ஆறுமுன் அவற்றைத் திறந்துவிட நேரும். தையல் பிரிந்து நாய்கள் சாகும். திட்டத்தின்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையும் கெடும்.

4. ஊர் ஊராக முடித்தல்: இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று பிடிக்கக் கூடாது. ஓர் ஊரில் நூற்றுக்கு 70 முடித்த பிறகே அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும், பால் கொடுக்கும் தாயையும் அறுவைக்குப் பிடிக்கக் கூடாது. தாயைக் குறித்து வைத்துக்கொண்டு, குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆனபின் மறவாமல் பிடிக்க வேண்டும்.

5. அடையாளமும் பதிவேடும்: அறுவை செய்த நாயின் காதில் ‘வி’ வடிவில் சிறு வெட்டு இடப்படும். தொலைவிலிருந்தே இதைக் காணலாம். பிடித்த நாள், தெரு, நிறம், ஆண் அல்லது பெட்டை, அறுவை நாள், தடுப்பூசி நாள், திரும்ப விட்ட நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிடித்த தெருவிலேயே விட்டால் அந்த நாய் வெளிநாய்களை அண்டவிடாது. வேறு ஊரில் கொண்டுபோய் விட்டால் தொல்லை இடம் மாறுமே அன்றித் தீராது.

6. முறையீடு: நாய்க்கடி, ஆடு இழப்பு பற்றிய செய்திகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒரே குறிப்பேட்டில் நாளும் இடமும் குறித்து எழுத வேண்டும். எந்தத் தெருவில் முதலில் பணி செய்வது என்பதை அக்குறிப்பேடே காட்டிவிடும்.

உழவர் செய்ய வேண்டியவை

ஊராட்சியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாய்களுக்குத் தீனி போடுபவர்கள் பல வேளைகளில் நாமே. செத்த கன்றையும் ஆட்டையும், ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியையும் வாய்க்கால் ஓரத்தில் எறிகிறோம். இரத்தச் சுவை கண்ட நாய் பட்டியைத் தேடி வருகிறது. இவற்றை ஆறடி ஆழக் குழியில் இட்டுச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். கோழிக்கடைக் கழிவைச் சாலையோரத்தில் கொட்டுவதை ஊராட்சி தடுக்க வேண்டும்.

படல் மட்டும் கட்டிய பட்டி போதாது. ஆளுயரக் கம்பி வலை அடித்து, நாய் தோண்டி நுழையாதபடி வலையின் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணில் புதைக்க வேண்டும். கிளுவை வேலியில் உள்ள சந்துகளை முள் வைத்து அடைக்கலாம். இளங்குட்டிகளை இரவில் வீட்டருகே அடைப்பது நலம்.

நீங்கள் வளர்க்கும் நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் போடுங்கள். வேண்டாத குட்டிகளைச் சந்தைமேட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த ஆண்டு அவையே கூட்டமாகத் திரும்பி வரும்.

ஆடு இறந்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தெரிவித்து, படம் எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று பெறுங்கள். காப்பீடு செய்த ஆடாயின் காதுவில்லையைப் பத்திரப்படுத்துங்கள். சான்று இல்லாமல் இழப்பீடோ காப்பீடோ கேட்க இயலாது.

கடிபட்டால்

மனிதரை நாய் கடித்தால் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் புண்ணைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, பச்சிலை எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, கூறிய நாள்களில் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிகமிக அரிது.

கடிபட்ட மாட்டுக்கும் புண்ணைக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போட வேண்டும். கழுவும்போது கையுறை அணியுங்கள். மாடு காரணமின்றி ஓயாமல் கத்தி, வாயில் எச்சில் ஒழுக, தீனி விழுங்க முடியாமல் நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கியதென்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். அந்த மாட்டின் பாலைப் பயன்படுத்தாமல் மருத்துவரை அழையுங்கள்.

கிராம சபையில் கேளுங்கள்

சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கு “நாய்த் தொல்லை தாங்கவில்லை” என்று கூறி அமர்ந்துவிடாதீர்கள். பின்வரும் வினாக்களை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள்.

நம் ஊரில் நாய்கள் எத்தனை? அவற்றில் காது வெட்டியவை எத்தனை? அருகிலுள்ள அறுவை மையம் எது? அங்கு கூண்டுகள் எத்தனை? நம் ஊருக்கு எந்த மாதம் ஒதுக்கப்பட்டுள்ளது? செலவுக்கு எந்த நிதி? இறைச்சிக் கழிவைக் கொட்ட எந்த இடம்?

தலைவராயினும் தனி அலுவலராயினும், எண்ணோடு கேட்கும் வினாவுக்கு எண்ணோடுதான் விடை கூற வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே வினாக்களை மீண்டும் கேட்டு, எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வரும் கிராம சபைக்குமுன் இரண்டு காலைப்பொழுதுகளை ஒதுக்கி உங்கள் ஊர் நாய்களை எண்ணி முடியுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பணியில் பாதி தொடங்கிவிட்டதாகவே கொள்ளலாம்.