வேத பாடம்: திருடனை என்ன செய்வது?



இந்த மாதம் வேறொரு பாடம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நம் சபைச் சகோதரர் ஒருவருடைய மளிகைக் கடை வாசலில் நடந்த காரியம் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள். ஆகையால் அதையே பாடமாக எடுத்துக்கொள்ளுகிறேன். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சிப்காட்டில் சம்பளம் போட்ட நாள். கடையில் நல்ல கூட்டம். வாசல் பெஞ்சில் அடுக்கியிருந்த எண்ணெய் பாக்கெட் இரண்டையும் ஒரு பால் பவுடர் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு பையன் நடையைக் கட்டினான். மொத்தம் 640 ரூபாய்ச் சரக்கு. பிடித்துவிட்டார்கள். "வடக்கத்திப் பையன்டா!" என்றுதான் முதலில் கத்தினார்கள். (நம் ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அந்தப் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.) விசாரித்தால் கவரைப்பேட்டைப் பக்கத்துப் பையன், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவன். கடையிலிருந்த நைலான் கயிற்றையே எடுத்து விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். அடி விழ ஆரம்பித்தது. முதல் அடி அடித்தவர் நம் சபை விசுவாசி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நிமிஷம் நானும் சும்மாதான் நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னே என் மோட்டார் சைக்கிளை ஒருவன் திருடிக்கொண்டு போனான். பிடிபட்டான். சில வாரத்திலேயே ஜாமீனில் வந்து, நான் டீ குடிக்கிற கடையிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தான். வண்டியை நான் தவணை கட்டி வாங்கியிருந்தேன். தவணை முடிகிறதற்கு முன்னே திருடன் வெளியே வந்துவிட்டான்! அந்தக் கசப்பு அன்றைக்கு மறுபடியும் தொண்டைக்கு வந்தது. கடைக்காரச் சகோதரரும் அதையேதான் சொன்னார்: "பாஸ்டர், போலீஸ்ல குடுத்தா நாளைக்கே வெளிய வந்து என் கடை முன்னாடியே நிப்பான். கோர்ட்டாவது கேஸாவது. நீங்க சும்மா இருங்க."

இப்படிச் சொல்லுகிறவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன். பிரசங்கி 8:11-ஐ வாசித்துப் பாருங்கள். தண்டனை சீக்கிரம் வராவிட்டால் பொல்லாப்புச் செய்ய மனுஷனுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று சாலொமோன் அன்றைக்கே கண்டுகொண்டார். மாசத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு இப்படிப் போனால் சின்னக் கடைக்காரருக்கு அது பிள்ளைகளுடைய ஸ்கூல் பீஸ். அவருடைய எரிச்சல் நியாயமானது. அந்த எரிச்சலோடு எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று ஒரு வக்கீல் சகோதரரிடம் கேட்டேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் திருட்டுக்கு 303-ம் பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் திருடின பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமுதாய சேவை மட்டுமே. அதாவது கூலியில்லாமல் பொது ஜனங்களுக்குப் பிரயோஜனமான ஒரு வேலையைச் செய்யவேண்டும். இப்படிப்பட்ட சின்னத் திருட்டுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே நடத்த முடியாது. "பாத்தீங்களா, திருடனுக்குத்தான் சட்டம்" என்று இதைக் கேட்டவுடனே நம்மவர்கள் சொல்லுகிறார்கள்.

முழுவதும் கேளுங்கள். அதே 303-ம் பிரிவில், இரண்டாம் தடவை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஒரு வருஷம், ஐந்து வருஷம் வரை கடுங்காவல் உண்டு. சரக்கு வைக்கிற கட்டடத்துக்குள் திருடினால் 305-ம் பிரிவில் ஏழு வருஷம் வரை போகலாம். இரக்கம் முதல் தடவைக்கு, சின்னத் தொகைக்கு, அதுவும் திருப்பிக் கொடுக்கிறவனுக்கு.

இப்பொழுது யாத்திராகமம் 22-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். மோசேயின் நியாயப்பிரமாணம் கண்டிப்பானது என்று எல்லாரும் சொல்லுகிறோம். அதில் பொருளைத் திருடினவனுக்கு ஜெயில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம். கிடையாது! மாட்டைத் திருடி விற்றுவிட்டால் ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு. உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. கொடுக்க வழியில்லாதவன் வேலை செய்து தீர்க்கவேண்டும். எல்லாம் யாரிடம் போகிறது? பறிகொடுத்தவனிடம். நம் கோர்ட்டில் திருடனுக்கு அபராதம் விதித்தால் அது அரசாங்கத்துக்குப் போகிறது. கடைக்காரருக்கு வேண்டுமானால் நீதிபதி தனியாக உத்தரவிடவேண்டும். திருடனை ஜெயிலில் போட்டாலும் கடைக்காரர் கைக்கு 640 ரூபாய் வரப்போகிறதில்லை. "லேசான தண்டனை" என்று நாம் முறையிடும்போது உண்மையில் வலிக்கிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பறிகொடுத்தவனை யாரும் கேட்கிறதில்லை.

அதே அதிகாரம் 2, 3 வசனங்களைக் கவனியுங்கள். ராத்திரியில் கன்னம்வைத்து உள்ளே வருகிறவன் அடிபட்டுச் செத்தால் வீட்டுக்காரன்மேல் பழியில்லை, இருட்டில் வந்தவன் எதற்கு வந்தான் என்று அவனுக்குத் தெரியாதே. சூரியன் உதித்தபிறகு கொன்றால் அது இரத்தப்பழி. வெளிச்சத்தில் முகம் தெரிகிறது, கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அதன்பிறகு கை ஓங்குவது தற்காப்பு ஆகாது. நம்முடைய சம்பவம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில், முப்பது பேர் நடுவில் நடந்தது.

"வேதத்திலே அடி இல்லையா?" உண்டு. உபாகமம் 25:1-3. நியாயாதிபதி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும், அவருக்கு முன்பாகவே அடிக்கவேண்டும், எண்ணி அடிக்கவேண்டும், நாற்பதைத் தாண்டக்கூடாது. காரணத்தையும் பாருங்கள். அடிபடுகிறவன் நம் கண்களில் இழிவாகப் போய்விடக்கூடாதாம். அந்த இடத்தில் கர்த்தர் அவனுக்குக் கொடுக்கிற பெயர் சகோதரன். கம்பத்தில் கட்டினவனை யார் எண்ணி அடித்தார்கள்? செல்போனில் வீடியோ எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆகானைக் கல்லெறிந்தார்களே என்று ஒரு வாலிபன் கேட்டான். தம்பி, ஆகான் எடுத்தது கர்த்தருக்கென்று விலக்கி வைக்கப்பட்ட பொருள். அதை எண்ணெய் பாக்கெட்டோடு சேர்க்காதே.

மனுஷர் கண்டிப்புக்கு ஆசைப்பட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு உதாரணம். கிறிஸ்தவ தேசம் என்று சொல்லிக்கொண்ட அந்த நாட்டில் 1699-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. என்ன நடந்தது? ஒரு துணிக்காக ஒரு உயிரை எடுக்க ஜூரிகளுக்கு மனசு வரவில்லை. பொருளின் விலை ஐந்து ஷில்லிங்குக்குக் குறைவு என்று வேண்டுமென்றே குறைத்துச் சொல்லித் தப்புவித்தார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தண்டனையை எடுத்தேபோட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2018 பிப்ரவரி 22 அன்று, நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், கேரளாவின் அட்டப்பாடியில் மது என்கிற பழங்குடி வாலிபரைக் கடையில் சாப்பாட்டுச் சாமான் திருடினான் என்று காட்டிலிருந்து பிடித்துவந்து, கையைக் கட்டி அடித்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் செத்துப்போனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 13 பேருக்கு ஏழு வருஷம் சிறை கொடுத்தது. அடித்தவர்கள் கொலைகாரக் கூட்டம் அல்ல. சாதாரண ஊர் ஜனங்கள். அதே 2018 மே மாதம் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்கிறவன் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம். மறந்துவிட்டோமா?

ஜாமீனைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2022 கணக்குப்படி இந்திய ஜெயில்களில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு ஆகாதவர்கள். ஜாமீன்தாரர் கிடைத்தவன் டீக்கடையில் நம் எதிரே உட்காருகிறான், அவன்தான் நம் கண்ணில் படுகிறான். கிடைக்காதவன் உள்ளேயே கிடக்கிறான். இது என் மோட்டார் சைக்கிளுக்கு ஆறுதல் அல்ல, ஆனாலும் தெரிந்துகொள்ளவேண்டும்.

கடைக்காரர்களுக்குச் சில காரியம். சின்னத் திருட்டானாலும் எழுத்தில் புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். இரண்டாம் தடவை அதே ஆள் வந்தால் அந்தக் காகிதம் பேசும். பெரிய குற்றத்தில் கண்ணெதிரே பிடிபட்டவனைப் பொது ஜனங்கள் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டிவைத்து அடிக்க ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது. அடித்தவர்மேலேயே கேஸ் வரும்.

அன்றைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசியில் நான் குறுக்கே போனேன், முதுகில் எனக்கும் ஒன்று விழுந்தது. பையனுடைய தாயாரை வரவழைத்தோம். காண்டிராக்டர் இரண்டு மாசமாகக் கூலி தரவில்லையாம். பசிக்காகத் திருடினவனை ஜனங்கள் இகழமாட்டார்கள், ஆனாலும் அவன் ஏழு மடங்கு கொடுத்தாகவேண்டும் என்கிறது நீதிமொழிகள் 6:30, 31. இரக்கமும் உண்டு, பாக்கியும் உண்டு. சரக்கு திரும்ப வந்துவிட்டது, ஒரு டப்பா நசுங்கிப்போனது. அதற்கு ஒரு வாரம் காலையில் மூட்டை இறக்கித் தருவதாகப் பேசினோம். மூன்று நாள் வந்தான். நாலாம் நாள் காணோம். "நான்தான் சொன்னேனே பாஸ்டர்" என்றார் சகோதரர். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அந்த அம்மா நூறு ரூபாய் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. முதல் அடி அடித்த சகோதரர், அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், அன்று ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டில் கம்பெனி ஸ்பானர் செட் ஒன்றும், இரண்டு பெட்டி வெல்டிங் ராடும் இருக்கிறது என்றார். "எல்லாரும் எடுக்கிறதுதான் பாஸ்டர். அந்தப் பையன் என்னைப் பாத்தப்போதான் உறைச்சுது." தேவபிள்ளைகளே, நம்மில் எத்தனை வீட்டில் கம்பெனிக் கையுறையும் ஒயரும் இருக்கிறது? வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடினால் 306-ம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. 5,000 ரூபாய்ச் சலுகை அந்தப் பிரிவில் எழுதியிருக்கவில்லை. நாம் லேசு லேசு என்று கத்துகிற சட்டம் நம்மிடத்தில் லேசாக இல்லை.

லேவியராகமம் 6:1-5 எடுத்து இரண்டு பேரும் வாசித்தோம். முதலையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும். சகேயு நாலு மடங்குக்கு ஒப்புக்கொண்டான். அவன் வேலை போகுமோ என்று பயந்தானோ என்னவோ, லூக்கா அதை எழுதவில்லை. இவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டு வாடகை உண்டு. நான் அவரை வற்புறுத்தவில்லை.

போன திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவரோடு கம்பெனி கேட் வரைக்கும் நானும் போனேன். ஸ்பானர் செட், ராடு, மேலே கணக்குப் பண்ணின ரூபாய், எல்லாம் ஒரே பையில். செக்யூரிட்டி வாங்கி எழுதி வைத்துக்கொண்டு, "மேலே சொல்றோம்" என்றார். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.