இரு இயங்குதளங்களுக்கு ஒரு வன்தட்டோ, இரண்டோ?

ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்களை அமைக்க விரும்புவோர், அவற்றை ஒரே வன்தட்டில் பகுத்து வைத்தல் நன்றா, தனித்தனித் தட்டுகளில் வைத்தல் நன்றா என்பதை ஈண்டு ஆராய்வாம். இவ்வினா நம்மவர்க்குப் புதிதன்று. 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னைச் சி-டாக் நிறுவனத்தாரின் போஸ் லினக்ஸும் ஒரே தட்டிற் குடியிருந்தன.

சிக்கலை அடுத்த வாலிநோக்கத்து உப்பளங்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். ஒரே அளத்தில் வரப்பிட்டுப் பிரித்த இரு பாத்திகள் தம்முட் கலவா. ஆயினும் அவற்றிற்கு நீர் பாயும் வாய் ஒன்றேயாயின், அது தூர்ந்தவிடத்து இரண்டும் வறளும். வன்தட்டின் பிரிவுகளும் அத்தகையனவே.

பழைய முறையில், கணினி விழித்தெழுந்தவுடன் தட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளையே படிக்கும். லினக்ஸின் துவக்கியாகிய கிரப் அங்கே தொடங்கும். பின்னர் ஒருவர் விண்டோஸை மீண்டும் நிறுவின், அது தன் குறிப்பை அவ்விடத்தே எழுதிவிடும். லினக்ஸும் அதிலுள்ள கோப்புகளும் அழிந்தில. உட்புகும் வழியே அடைபட்டது. இதனையறியாது, எல்லாம் போயிற்றென்று அஞ்சித் தட்டு முழுதையும் துடைப்பவர், ஆண்டு முழுதும் எழுதிய பாடக்குறிப்புகளைத் தாமே அழித்தோராவர். இதனாலேயே விண்டோஸை முன்னும் லினக்ஸைப் பின்னும் நிறுவுக என்பர்.

தட்டுகள் இரண்டாயின் வாயும் இரண்டாகும். ஒன்று பழுதுறினும் மற்றொன்று இயங்கும். ஆனால் இங்கு ஒரு நுட்பமுண்டு. யூஇஎஃப்ஐ முறைக் கணினிகளில் துவக்கிகளுக்கென ஒரு சிறு பிரிவு உளது. முதல் தட்டில் அஃதிருப்பின், இரண்டாந் தட்டில் நிறுவப்படும் விண்டோஸும் தன் துவக்கியை முதல் தட்டிலேயே வைத்துவிடக் கூடும். அப்போது தட்டு இரண்டாயினும் வாய் ஒன்றே! ஆதலின் ஒன்றை நிறுவுங்கால் மற்றைத் தட்டின் இணைப்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். பின்னர் எதனை இயக்குவது என்பதைக் கணினியின் துவக்கப் பட்டியலிற் தெரிந்துகொள்ளலாம்.

தட்டைப் பிரிப்பதால் தீராத குறைகளும் உள. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கொள்ளும். அதனால் நம் நாட்டில் ஐந்தரை மணி நேரம் பிறழும். இரண்டையும் ஒரு முறைக்கு அமைத்தல் வேண்டும். விண்டோஸின் விரைவுத் துவக்கம் தன் பிரிவை முற்றும் மூடாது விடுமாதலின், லினக்ஸிலிருந்து அதில் எழுதுமுன் அவ்வசதியை நீக்குக.

இரண்டாம் தட்டுக்கு இடமும் பொருளும் உடையோர் தனித்தட்டையே கொள்க. இடமில்லாத மடிக்கணினியுடையோர் பிரிவுகளோடு அமைவதில் இழுக்கில்லை. எவ்வழி கொள்ளினும், கைவைக்குமுன் தம் கோப்புகளைப் புறத்தட்டொன்றிற் படியெடுத்து வைத்தல் இருசாரார்க்கும் இன்றியமையாதது. இரண்டாம் தட்டு, படியாகாது, படியே காப்பு.