டி.ஏ.எஸ். என்னும் இலக்கம்

கைத்தொலைபேசி வாங்கப் போனால் விலையைப் பார்க்கிறோம், கமராவைப் பார்க்கிறோம். அருகில் 'டி.ஏ.எஸ்.' என்று சிறிதாக எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. பிரான்சில் கடைகளும் விளம்பரங்களும் அதனைக் காட்டவேண்டும் என்பது சட்டம். அதனை வாசிக்க இம்முறை பழகிக்கொள்வோம்.

கைத்தொலைபேசி வானொலி அலைகளை அனுப்புகிறது. அவற்றில் ஒரு பகுதியை நமது உடல் உறிஞ்சிச் சிறிது சூடாகிறது. ஒரு கிலோகிராம் உடல் இழையம் எத்தனை வாற் உறிஞ்சுகிறது என்பதே டி.ஏ.எஸ். ஐரோப்பாவில் தலைக்கும் உடலுக்கும் எல்லை 2 வாற். கை கால்களுக்கு 4 வாற்.

அமெரிக்காவில் 1996இல் வகுத்த எல்லை 1.6 வாற். இரண்டையும் நேரே ஒப்பிடலாமா? ஐரோப்பா 10 கிராம் இழையத்தின் சராசரியை எடுக்கிறது. அமெரிக்கா 1 கிராமின் சராசரியை எடுக்கிறது. அமெரிக்க எல்லை கடுமையானதுதான். ஆனால் எவ்வளவு கடுமை என்பதைக் கழித்துப் பார்த்து அறிய முடியாது. யூரோவையும் ரூபாவையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்டுவோமா?

இந்த எல்லைகள் காகிதத்தில் மட்டும் இருப்பவையல்ல. 2023 செப்டெம்பரில் பிரெஞ்சு அலைவரிசை அதிகாரசபை ஐபோன் 12ஐச் சோதித்தது. கையில் அல்லது காற்சட்டைப் பையில் வைத்திருக்கும் நிலைக்கு 5.74 வாற் வந்தது. எல்லையோ 4. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அப்பிள் நிறுவனம் பிரான்சில் மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

அப்படியானால் பயப்படவேண்டுமா? 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இவ்வலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் சேர்த்தது. 2024இல் அதே நிறுவனம் கேட்டுச் செய்வித்த ஆய்வுத் தொகுப்பு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. பீதி வேண்டாம், கவனம் போதும்.

டி.ஏ.எஸ். என்பது தொலைபேசி முழு வலுவில் இயங்கும்போது ஆய்வுகூடத்தில் அளந்த உச்ச அளவு. அன்றாடம் நமக்குச் சேர்வது பாவிக்கும் முறையைப் பொறுத்தது. நிலக்கீழ் அறையிலும் மின்தூக்கியிலும் அலை குறையும்போது தொலைபேசி வலுவைக் கூட்டுகிறது. அங்கே நீண்ட நேரம் பேசாதீர்கள். 'கதிர்வீச்சைத் தடுக்கும்' என்று விற்கும் ஒட்டிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவை அலையை மறித்தால் தொலைபேசி இன்னும் வலுவைக் கூட்டக்கூடும். தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள்.

உடலிலிருந்து சிறிது தள்ளி வைத்தாலே உறிஞ்சும் அளவு வெகுவாகக் குறைகிறது. ஊரிலுள்ள அம்மாவுடன் ஒரு மணி நேரம் பேசுவதானால் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வையுங்கள். பிள்ளைகளும் அப்பம்மாவின் குரலைக் கேட்பார்கள்.