ஒன்பது கோள்களும் ஆறு ஆதாரங்களும்

வெளியே விரிந்து கிடக்கும் அண்டமும் உடம்பாகிய பிண்டமும் ஒத்த அமைப்புடையவை என்பது சித்தர்களின் துணிபு. இதனை அடிப்படையாகக் கொண்டு, "உங்கள் சாதகத்தில் சனி சரியில்லை, அதனால் மூலாதாரச் சக்கரம் அடைபட்டிருக்கிறது" என்று சொல்வோர் இன்று பெருகியுள்ளனர். மாணவர்களாகிய நம்மில் சிலர் அதை நம்புகிறோம், சிலர் நகைக்கிறோம். எதைச் செய்வதற்கு முன்னும் அவ்விரு மரபுகளும் உண்மையில் என்ன சொல்கின்றன என்று அறிந்துகொள்வது நல்லது. அதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை.

ஆறு ஆதாரங்கள்

சக்கரம் என்பதைத் தமிழ்ச் சைவ மரபு ஆதாரம் என்றும் வழங்கும். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம். அதற்கு மேல் முறையே சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி. புருவ நடுவில் ஆக்ஞை. இவற்றைத் தாமரைகளாக உருவகித்து 4, 6, 10, 12, 16, 2 இதழ்கள் உடையவை என்பர். கூட்டினால் 50 வரும். இதழுக்கு ஒன்றாக வடமொழி எழுத்துகளை அவற்றில் அமைப்பது மரபு. ஆக, இதழ்களில் அமர்ந்திருப்பவை எழுத்துகளே, கோள்கள் அல்ல. திருமூலரின் திருமந்திரமும் ஔவையார் பெயரில் வழங்கும் விநாயகர் அகவலும் ஆதாரங்களைப் பேசுகின்றன. திருவாரூரை மூலாதாரத் தலமாகவும் சிதம்பரத்தை இதயத் தலமாகவும் போற்றும் வழக்கும் நம்மிடம் உண்டு.

நாம் இன்று சுவரொட்டிகளில் காணும் வானவில் நிறச் சக்கரங்களோ 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டில் உருவானவை. பூர்ணானந்தர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்சக்கர நிரூபணம் என்னும் நூலை ஜான் உட்ராஃப் 1919இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சக்கரங்களைப் பற்றிய ஆர்வம் அங்கே பரவுவதற்கு அது பெரிதும் துணை செய்தது.

சோதிடம் காட்டும் உடம்பு

சோதிடமும் ஓர் உடம்பை வரைந்து வைத்திருக்கிறது. அதன் பெயர் காலபுருடன். மேடம் தலை, இடபம் முகம் என்று தொடங்கி மகரம் முழங்கால், மீனம் பாதம் என முடியும். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சாதகத்திலும் இந்த வகுப்பு உள்ளது. இடைக்கால ஐரோப்பிய மருத்துவ ஏடுகளிலும் இதே போன்ற உருவத்தைக் காணலாம். காலபுருடன் தலையில் தொடங்கிக் காலில் முடிகிறான். ஆதாரங்களோ முதுகுத்தண்டின் அடியில் தொடங்கி மேலே ஏறுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு வரைபடங்கள்.

இணைத்தது எப்படி?

இக்கால ஆசிரியர்கள் சிலர் பன்னிரண்டு இராசிகளை ஆறு இணைகளாக மடித்து இரண்டையும் பொருத்துகின்றனர். சனியின் வீடுகளான மகரமும் கும்பமும் மூலாதாரம்; வியாழனின் தனுசும் மீனமும் சுவாதிட்டானம்; செவ்வாய்க்கு மணிபூரகம்; வெள்ளிக்கு அநாகதம்; புதனுக்கு விசுத்தி; ஞாயிறும் திங்களும் ஆக்ஞையின் இரண்டு இதழ்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இராகு, கேதுவுக்கு இதில் இடமில்லை. வேறொரு பட்டியலோ மூலாதாரத்தைச் செவ்வாய்க்குக் கொடுக்கிறது. இடத்துக்கு இடம் மாறும் பட்டியலைக் கொண்டு ஒருவருடைய நோயைத் தீர்மானிக்கலாமா?

ஏழரைச் சனியை எடுத்துக்கொள்வோம். சனி ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். ஓர் இராசிக்குச் சுமார் 2½ ஆண்டுகள். நம் இராசி, அதன் முன் இராசி, பின் இராசி ஆகிய மூன்றிலும் அது தங்கும் காலமே ஏழரை. பன்னிரண்டில் மூன்று என்றால் எந்த நேரத்திலும் ஏறத்தாழ கால் பங்கு மக்களுக்கு ஏழரைச் சனி நடக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாகப் பத்துப் பேர்! அவர்களுள் முதல் வகுப்பில் தேறுவோரும் இருப்பர்.

வானியற்பியல் அறிஞர் ஜெயந்த் நர்லிகர் 2008இல் மகாராட்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களைக் கலந்து, சோதிடர் 27 பேருக்குத் தலைக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். சரியாக வந்தவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலே 50 வந்திருக்கும்.

என் தோழி ஒருத்தி இறுதித் தேர்வுக்கு முன் மூன்று வாரம் தூக்கமின்றித் தவித்தாள். அவளுக்குக் கிடைத்த அறிவுரை, நீலக்கல் மோதிரம் அணி என்பதே. மோதிரத்துக்குப் பணம் சேர்த்த நாள்களில் அவள் மருத்துவரைப் பார்க்கவில்லை. எங்களிடமும் வாய் திறக்கவில்லை. தன் துன்பத்துக்குக் காரணம் வானத்தில் இருக்கிறது என்று நம்பியவளுக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டத் தோன்றவில்லை. இத்தகைய இணைப்பில் நான் காணும் பெருந்தீங்கு இதுதான்.

மரபிலேயே உள்ள இணைப்பு

அப்படியானால் கோளுக்கும் ஆதாரத்துக்கும் மரபில் தொடர்பே இல்லையா? உண்டு. இடகலையைத் திங்கள் என்றும் பிங்கலையை ஞாயிறு என்றும் யோக நூல்கள் கூறும். இவை இடமூக்கிலும் வலமூக்கிலும் ஓடும் மூச்சு. நடுவே இருப்பது சுழுமுனை. இங்கே ஞாயிறும் திங்களும் நம் விதியை எழுதுவதில்லை. அவற்றைச் சீராக்கும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. சாதகம் படிப்பதற்கு உரியது. ஆதாரம் பயில்வதற்கு உரியது.

அந்தப் பயிற்சியின் பயனை ஓரளவு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் 23 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், கிறித்துவச் செபமாலையும் யோக மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைத்தன. இதயத் துடிப்பின் ஒழுங்கமைவும் மேம்பட்டது. இது சக்கரம் உண்டு என்பதற்கான சான்றாகாது. மெதுவான மூச்சு உடலை அமைதிப்படுத்தும் என்பதற்கு மட்டுமே சான்று. பதற்றத்தில் தவிப்பவருக்கு அதுவே பேருதவி.

நண்பர்களே, கோயிலில் எள் தீபம் ஏற்றுவதை நான் குறை கூறவில்லை. அதனால் மனம் ஆறுமானால் ஏற்றுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். தூக்கமின்மையோ மனச்சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ பல்கலைக்கழக ஆலோசகரையோ நாடுங்கள். அதற்குச் சனிப்பெயர்ச்சி வரை காத்திருக்க வேண்டாம்.