மாட்டை அடக்கும் முறை

மாட்டை அடக்குவது முரட்டு வலிமையின் வேலை என்று எண்ணுவோர் உளர். அது தவறு. நம்மைவிடப் பன்மடங்கு எடையுள்ள பிராணியை அறிவினாலும் கயிற்றினாலுமே பணிய வைக்க இயலும். இக்கல்வியை எளிதென இகழ வேண்டா. நம் பெங்களூரில் 1923-இல் தோன்றிய பால்பண்ணை நிலையத்தில் மாடு பேணும் முறையைக் கற்க, 1927-இல் காந்தியடிகளே மாணவராக வந்தார்.

முதலாவது, அணுகுதல். நேர் பின்புறத்தில் நிற்பவரை மாடு காணாது, திடுக்கிட்டால் உதைக்கும். பசுவோ பின்காலை முன்னும் பக்கமுமாக வீசும். ஆகவே குரல் கொடுத்து, பக்கவாட்டில், தோளை நோக்கிச் செல்க.

இரண்டாவது, கட்டுதல். தலைக்கயிற்றைத் தறியில் குட்டையாகக் கட்டுக. இழுத்தவுடன் அவிழும் முடிச்சே வேண்டும். கழுத்தில் உருவாஞ்சுருக்கு ஆகாது. மாடு விழுந்தால் மூச்சு அடைபடும். மூக்கணாங்கயிற்றைத் தறியில் பிணித்தால் மூக்குக் கிழியும். கயிற்றைக் கையில் சுற்றிக் கொள்வோர் விரலை இழப்பர்.

மூன்றாவது, சாய்த்தல். நீண்ட கயிற்றைக் கழுத்தில் இறுகாத முடிச்சாக இட்டு, முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பிலும், மடிக்கு முன்னே வயிற்றிலும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றுக. ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் பின்னிருந்து சீராக இழுத்தால் மாடு தானே படுக்கும். தரை மென்மையாக இருத்தல் வேண்டும். நிறைசினை மாட்டைச் சாய்க்கலாகாது. நெடுநேரம் கிடத்தினால் வயிறு உப்பி உயிருக்கே கேடாம்.

அடித்து அடக்கினால் அன்றைய ஊசி போடப்பட்டுவிடும். ஆனால், பட்ட அச்சத்தை மாடு மறவாது. அடுத்த முறை செல்பவரே அதன் உதையைப் பெறுவார்.