தோட்டத்துச் சாளையில் ஒரு பகல்: கேரவன் பயணிகளுக்கான நடைமுறைக் குறிப்புகள்

மேற்குத் தில்லியில் உள்ள ஜனக்புரி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தனிப் பள்ளி ஒன்றை நடத்தும் அளவுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய பகுதியாகும். அக்குடும்பங்கள் விடுமுறையில் ஊர் செல்வது பெரும்பாலும் ரயிலில்தான் எனினும், படுக்கையும் சமையல் மேடையும் கழிப்பறையும் உள்ளடங்கிய கேரவன் வண்டியில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம் கடந்து, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் செல்ல விரும்புவோரும் உண்டு. அத்தகைய நெடும்பயணத்தில் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊரில், உறவினரின் தோட்டத்தில் வண்டியை ஓட்டாமல் கழிக்கும் ஒரு பகல் மிகுந்த பயன் தரும். ஆனால் சிறு கவனக்குறைவே அதைக் கெடுத்துவிடும்.

புறப்படும் முன் வண்டியின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது முதல் தேவை. பழைய வேனை வாங்கிக் கேரவனாக மாற்றுவோரை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தில்லியில் 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடை பின்னர் உச்ச நீதிமன்றத்தின் மறு ஆய்வுக்கும் உள்ளானதால், அன்றைய நிலையைக் கேட்டறிந்தே கிளம்ப வேண்டும்.

கொங்குப் பகுதியில் சாளை எனப்படுவது விளைநிலத்தின் நடுவே அமைந்த வீடு. அங்கு செல்லும் தடம் டிராக்டருக்குப் போதுமானதாயினும், உயரமான கேரவனின் கூரையில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உரசும் அபாயம் உண்டு என்பதால், ஒருவர் இறங்கி முன்னே நடந்து பார்ப்பது நல்லது. ராஜவாய்க்கால் என்னும் பாசனக் கால்வாய் பாயும் வயல்களை ஒட்டிய மண் மேலே காய்ந்து தோன்றினாலும் கனமான சக்கரத்தின் கீழ் அமிழ்ந்துவிடும். தென்னை நிழலோ கவர்ச்சியானது, ஆனால் மட்டையும் நெற்றும் விழும் இடம். களம், அதாவது தானியம் அடித்து உலர்த்தும் கெட்டித் தரை, காலியாக இருந்தால் அதுவே பொருத்தமானது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற மாவட்டமாதலால், வந்த வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் சித்தப்பா ஒருவர் எப்படியும் இருப்பார். அவர் காட்டும் இடத்தில் நிறுத்துவது எல்லா வகையிலும் நல்லது.

மின்சாரத்தில்தான் பெரும்பிழை நேர்கிறது. கிணற்று மோட்டாருக்குரிய இணைப்பு பெரும்பாலும் மும்முனை மின்சாரம், ஏறத்தாழ 400 வோல்ட். கேரவனின் கருவிகளோ 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்துக்கு உரியவை. அதற்கும் மேலாக, தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று கட்டணமின்றி வழங்கப்படும் அந்த இணைப்பில் வண்டியின் ஏ.சி.யைப் பொருத்துவது விதிமீறலாகி, வந்தவர் போன பின்பு வீட்டாரைச் சிக்கலில் தள்ளும். வண்டியில் சேரும் சோப்பு நீரைக் கூடக் கேட்டுவிட்டே வாழைக்கடியில் விட வேண்டும். கழிப்பறைத் தொட்டியைத் தோட்டத்தில், குறிப்பாகக் கிணற்றுக்கு அருகில், ஒருபோதும் திறக்கலாகாது. வெற்றிலை பயிராகும் கொடிக்காலுக்குள் செருப்புடன் நுழையாதிருப்பது மரபு. வீட்டார் அதைச் சொல்லித்தர மாட்டார்கள், மீறினால் முகம் மட்டும் மாறும்.

இவை அனைத்தையும் விட நுட்பமானது உணவு. கேரவனின் பெருமையே பிறரை எதிர்பாராமல் வாழும் வசதி. உறவினர் வீட்டிலோ அந்த வசதியே குறையாகப் பார்க்கப்படும். விருந்தினர் வண்டிக்குள் தேநீர் போட்டுக் குடித்தால், “நம்மூட்டுல இல்லாததா அந்த வண்டிக்குள்ள இருக்குது?” என்று அத்தை கேட்கும் கேள்விக்கு மறுமொழி கிடையாது. ஆகவே வண்டியின் அடுப்பை அன்று முழுவதும் அணைத்துவைத்து, மூன்று வேளையும் வீட்டுத் திண்ணையில் உண்டு, இரவு படுக்க மட்டும் வண்டிக்குத் திரும்புவது இருதரப்புக்கும் இசைவான ஏற்பாடு. முன்னறிவிப்பின்றிச் செல்வதும், வாழைத்தார் வெட்டும் நாளிலோ வெல்லம் காய்ச்சும் நாளிலோ சென்று நிற்பதும் தவிர்க்கத்தக்கவை. விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு, அதாவது கூட்டுறவுப் பால் நிலையத்துக்கு, ஊற்றிவிட்டு வரும் வரை வீட்டாருக்குப் பேச நேரமிராது. நடுப்பகலில் மோட்டார் நின்ற பின் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில் இடப்படும்போதுதான் நிலப் பங்கு முதல் பேரன் படிப்பு வரை எல்லாப் பேச்சும் மெல்லத் தொடங்கும்.

விடைபெறுகையில் தேங்காய் மூட்டையும் பூவன் தாரும் வந்து ஏறுவதை எவராலும் தடுக்க இயலாது. எனவே வண்டி தாங்கும் எடையில் வரும்போதே இடம் விட்டிருக்க வேண்டும். தாரைக் காயாகக் கேட்டு வாங்கித் தொங்கவிட்டால் வழியில் நசுங்காது. வெற்றிலைக் கவுளியை ஈரத்துணியில் சுற்றி வெயில் படாத மூலையில் வைப்பதுடன், நாள்தோறும் பிரித்து அழுகிய இலைகளை அகற்றிவர வேண்டும்.